விவாகரத்து முடிந்த பிறகு தெரியவந்த பென்ஷன் பணம்: டர்பனிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் ஓர் அக்கா எழுதியிருக்கிறார். 1994இல் கல்யாணம், 2019இல் டர்பன் ரீஜினல் கோர்ட்டில் விவாகரத்து. ஏ.என்.சி., அதாவது கல்யாணத்துக்கு முன் செய்துகொள்ளும் சொத்து ஒப்பந்தம், எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. செட்டில்மென்ட் தாளில் வீடு தனக்கு, காரும் ஒரு வங்கிக் கணக்கும் கணவருக்கு, தட்டுமுட்டுச் சாமான்களைப் பேசிப் பிரித்துக்கொள்வது என்று இருக்கிறது. பென்ஷன் பற்றி ஒரு வரிகூட இல்லை. போன மாதம் முன்னாள் கணவர் பெயருக்கு அந்த வீட்டு முகவரியில் ஒரு கடிதம் வந்திருக்கிறது. மகன் கவனிக்காமல் பிரித்துவிட்டான். உள்ளே ஒரு பிரிசர்வேஷன் ஃபண்ட் ஸ்டேட்மென்ட். வேலையை விடும்போது பென்ஷன் பணத்தை எடுக்காமல் போட்டு வைக்கும் ஃபண்ட் அது. மாநகராட்சி வேலைக்குப் போவதற்கு முன் ப்ராஸ்பெக்டன் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தாரே, அந்தக் காலத்துப் பணம். “அதையெல்லாம் அப்பவே எடுத்துச் செலவழிச்சாச்சு” என்று கணவர் சொல்லியிருந்தாராம். இப்போது கேட்டால், “கேஸ் முடிஞ்சது முடிஞ்சதுதான்” என்கிறார். இத்தனை வருஷம் கழித்து ஏதாவது செய்ய முடியுமா?

செய்ய முடியும். நான் வக்கீல் இல்லை. ஃபண்ட் நிர்வாக வேலையில் இருப்பவன். கோர்ட் ஆணைகள் எங்கள் மேஜைக்கு வந்து, சரியாக எழுதப்படாததால் திரும்பிப் போவதைத் தினமும் பார்க்கிறவன். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் ஒன்று, அக்கா. உங்கள் கோபம் முழுவதும் அந்தக் கடிதத்தின் மேல் இருக்கிறது. நியாயம்தான். ஆனால் உங்கள் கேள்வியில் நீங்களே போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போன விஷயம்தான் அனேகமாகப் பெரிய தொகை: அவருடைய மாநகராட்சி பென்ஷன். அதை அவர் மறைக்கவே இல்லை. மாதாமாதம் பேஸ்லிப்பில் பிடித்தம் இருந்தது, வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் செட்டில்மென்ட் தாளில் யாரும் எழுதவில்லை. நம் குடும்பங்களில் இது சர்வசாதாரணம். வீட்டுக்கும் நகைக்கும் மூன்று நாள் சண்டை போடுவோம். பென்ஷன் என்று வந்தால், “அது அவர் வேலை பார்த்துச் சேர்த்தது” என்று விட்டுவிடுவோம். தென்னாப்பிரிக்கச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

ஏ.என்.சி. இல்லாமல் பதிவுத் திருமணம் செய்தால் அது கூட்டுச் சொத்துத் திருமணம். காம்யூனிட்டி ஆஃப் பிராப்பர்டி என்று தாளில் இருக்கும். 1979ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் 7ஆம் பிரிவில் 1989இல் ஒரு திருத்தம் வந்தது. விவாகரத்தின்போது சொத்தைக் கணக்கிடுகையில் ஒருவருடைய ‘பென்ஷன் இன்ட்ரஸ்ட்’, அதாவது விவாகரத்து நாளன்று ராஜினாமா செய்திருந்தால் ஃபண்டிலிருந்து கிடைத்திருக்கும் தொகை, அவருடைய சொத்தின் பகுதியாகக் கருதப்படும் என்று அது சொல்கிறது. அதற்குப் பிறகும் பல வருஷம் ஒரு குழப்பம் ஓடியது. ஆணையில் பென்ஷன் பற்றிப் பேச்சே இல்லையென்றால் அந்தப் பங்கு போயே போய்விட்டதா? ஆமாம் என்றது ஃப்ரீ ஸ்டேட் நீதிமன்றம். இல்லை என்றது நம் டர்பன் நீதிமன்றம். 2016 நவம்பரில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் டர்பன் பக்கம் நின்று சண்டையை முடித்தது: கூட்டுச் சொத்துத் திருமணத்தில் பென்ஷன் இன்ட்ரஸ்ட் சட்டத்தின்படியே கூட்டுச் சொத்துக்குள் வந்துவிடும், ஒப்பந்தத்தில் அதைப் பற்றிப் பேசாமல் விட்டதாலேயே அது வெளியே போய்விடாது. உங்கள் விவாகரத்து 2019. அந்தத் தீர்ப்பு உங்களுக்கு முன்பே வந்துவிட்டது. இதை வக்கீலிடம் சொன்னால் போதும், எந்த வழக்கு என்று அவருக்கே தெரியும்.

ஆகவே, “கேஸ் முடிஞ்சது” என்று அவர் சொல்வது அவ்வளவு சுலபமாக நிற்காது. நிற்குமா இல்லையா என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கும்.

ஒன்று, உங்கள் கையில் இருக்கும் செட்டில்மென்ட் தாளின் கடைசிப் பக்கம். “இந்த ஒப்பந்தத்தோடு ஒருவர்மேல் ஒருவருக்கு இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்ற மாதிரி ஒரு வரி அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் வக்கீல்கள் இதைப் பழக்கத்தில் சேர்த்துவிடுவார்கள். அது இல்லாமல், “மீதமுள்ள கூட்டுச் சொத்து சமமாகப் பிரிக்கப்படும்” என்று இருந்தால் உங்கள் பாதை நேரானது. கோரிக்கை இல்லை என்ற வரி இருந்தால், அவருடைய வக்கீல் முதலில் எடுத்துக் காட்டுவது அதைத்தான். அப்போது, “உண்மையை மறைத்து என்னைக் கையெழுத்துப் போட வைத்தார்” என்று காட்டி அந்த ஒப்பந்தத்தையே ரத்து செய்யக் கேட்க வேண்டிவரும். மறைத்தார் என்பதற்கு அங்கேதான் மதிப்பு. “அப்பவே செலவழிச்சாச்சு” என்று அவர் சொன்னது வாய்ப்பேச்சாகவா, வாட்ஸ்அப்பிலா, சொத்துப் பட்டியலிலா, சத்தியப் பிரமாணப் பத்திரத்திலா? பிரமாணப் பத்திரத்தில் இருந்தால் அவருக்கு நிஜமாகவே தலைவலி. வாட்ஸ்அப்பில் இருந்தால் இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறோர் இடத்தில் பத்திரப்படுத்துங்கள்.

ஆனால் மாநகராட்சி பென்ஷன் விஷயத்தில் இந்த வாதம் எடுபடாது. அது உங்களுக்குத் தெரிந்தே இருந்தது. ஆக மறைத்த பணத்துக்கு ஒரு பாதை, மறைக்காத பணத்துக்கு வேறு பாதை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

இரண்டாவது, விவாகரத்து ஆன அன்று அந்தப் பணம் எங்கே இருந்தது என்பது. எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். அன்றைக்கு அவர் அந்த ஃபண்டில் உறுப்பினராக இருந்து, பணமும் உள்ளேயே இருந்தால், அது பென்ஷன் இன்ட்ரஸ்ட். ஃபண்டே உங்கள் பங்கைப் பிரித்து நேராக உங்களுக்கு அனுப்ப முடியும். அதற்கு முந்தின மாதமே ராஜினாமா செய்து பணத்தை எடுத்திருந்தால் அது பென்ஷன் இன்ட்ரஸ்ட் இல்லை; வங்கியில் கிடக்கிற மற்றப் பணம் மாதிரி சாதாரணக் கூட்டுச் சொத்து. பங்கு உண்டு, ஆனால் ஃபண்ட் கொடுக்காது. அவரிடமிருந்துதான் வசூலிக்க வேண்டும். ஓய்வு பெற்று, அந்தப் பணத்தில் மாத வருமானம் தரும் லிவிங் அன்யூட்டி வாங்கியிருந்தால் இன்னொரு கணக்கு. மூலதனம் இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொந்தம், ஆனால் மாதம்தோறும் வருமானம் பெறும் உரிமைக்கு ஒரு மதிப்பு உண்டு, அதையும் சொத்துக் கணக்கில் சேர்க்கலாம் என்று 2020இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அக்ரூவல் முறையில், அதாவது கல்யாணக் காலத்தில் வளர்ந்த சொத்தை மட்டும் பகிரும் முறையில், நடந்த ஒரு கல்யாணத்தைப் பற்றிய தீர்ப்பு அது.

உங்கள் கடிதம் சமீபத்தில் வந்ததுதானே. அப்படியானால் பணம் இன்னும் உள்ளே இருக்கிறது. 2019இலும் பெரும்பாலும் அதே ஃபண்டில்தான் இருந்திருக்கும். இது நல்ல செய்தி. பிரிசர்வேஷன் ஃபண்டும் பென்ஷன் ஃபண்ட்ஸ் சட்டத்தின் 37டி பிரிவுக்குள் வருகிறது. ஃபண்டே உங்கள் பங்கை நேராகக் கொடுக்க வழி செய்யும் பிரிவு அது.

இப்போது அந்த ஸ்டேட்மென்டைக் கையில் எடுத்து நிதானமாகப் பாருங்கள். மேலே ஒரு பெரிய கம்பெனிப் பெயரும் சின்னமும் இருக்கும். அதை விட்டுவிடுங்கள், அது நிர்வாகம் செய்கிற கம்பெனி. கீழேயோ, ‘உறுப்பினர் விவரம்’ என்ற கட்டத்துக்குப் பக்கத்திலோ, சின்ன எழுத்தில் ஃபண்டின் முழுப் பெயர் இருக்கும். சிலவற்றில் பதிவு எண்ணும் இருக்கும். உங்களுக்கு வேண்டியது அந்தப் பெயர், எழுத்துக்கு எழுத்து. அப்புறம் உறுப்பினர் எண். பிறகு ‘ஃபண்டில் சேர்ந்த தேதி’. அது தொழிற்சாலையை விட்ட தேதிக்கு ஒட்டி இருந்தால், பணத்தை எடுத்துச் செலவழித்தேன் என்ற பேச்சு அங்கேயே உடைந்துபோகிறது. எடுத்திருந்தால் இந்த ஃபண்டுக்கு ஏது பணம்? கடைசியாக, ‘முன்பு எடுத்த தொகை’ என்று ஏதாவது வரி இருக்கிறதா பாருங்கள். பிரிசர்வேஷன் ஃபண்டில் ஓய்வுக்கு முன் ஒரே ஒரு தடவை எடுக்கலாம் என்பதுதான் பழைய விதி. அவர் ஏற்கெனவே கொஞ்சம் எடுத்திருக்கலாம். எந்தத் தேதியில் எடுத்தார் என்பது முக்கியம்.

இந்த ஒன்றோடு நின்றுவிடாதீர்கள். ஒன்று வெளியே வந்தால் அதோடு இன்னொன்றும் இருக்கும் என்பது என் அனுபவம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர் அதற்கென்று தடயம் வைக்காமல் இருப்பதில்லை, அதுவும் சம்பள வேலை பார்க்கிறவர் என்றால். பழைய ஐ.ஆர்.பி.5 படிவங்கள் (முதலாளி தரும் வருடாந்தர வரிச் சான்றிதழ்) வீட்டில் எங்காவது கிடக்கும், பெட்டியில் தேடுங்கள். அதில் 4001 என்ற எண்ணுக்கு எதிரே தொகை இருந்தால் பென்ஷன் ஃபண்ட், 4003 என்றால் பிராவிடண்ட் ஃபண்ட், 4006 என்றால் ரிடயர்மென்ட் அன்யூட்டி, அதாவது ஆர்.ஏ. இந்த மூன்று எண்களைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. ஆர்.ஏ. என்பது தனியாகக் கட்டுவது, முதலாளிக்குத் தெரிய வேண்டியதில்லை. அதனால் அதைத்தான் அதிகம் மறைப்பார்கள். ஆனால் அதற்கும் மாதாமாதம் வங்கியிலிருந்து டெபிட் ஆர்டர் போயிருக்கும், வரிச் சலுகைக்காக வரித்துறையான சார்ஸுக்கும் சொல்லியிருப்பார். வரியை மிச்சப்படுத்தும் ஆசை மறைக்கும் ஆசையை ஜெயித்துவிடும். இன்னொரு நல்ல இடம், வீட்டுக் கடனுக்கு வங்கியில் கொடுத்த விண்ணப்பம். கடன் வேண்டுமென்றால் மனுஷன் இருக்கிற சொத்தையெல்லாம் வரிசையாக எழுதுவான்.

நம் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. 1990களிலும் அதற்குப் பிறகும் டர்பனில் மூடிப்போன துணி ஆலைகள், தையல் ஃபேக்டரிகளில் வேலை பார்த்தவர்களின் பிராவிடண்ட் பணம் கேட்பாரற்றுக் கிடப்பதுண்டு. தேசிய அளவில் இப்படிக் கோரப்படாத பணம் ஆயிரக்கணக்கான கோடி ரேண்ட். நிதித்துறை நடத்தை ஆணையமான எஃப்.எஸ்.சி.ஏ.யின் இணையதளத்தில் இதைத் தேட ஒரு வசதி இருக்கிறது, இலவசம்தான். ஒருவர் வேலை பார்த்த கம்பெனிப் பெயர், ஃபண்ட் பெயரை வைத்துத் தேடலாம். கணவர் பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை, நீங்கள் கல்யாணத்துக்கு முன் எங்காவது தையல் வேலை பார்த்திருந்தால் உங்களுக்கே ஒரு தொகை இருக்கலாம்.

நீங்களே ஃபண்டுக்கு ஃபோன் போட்டு, “அவர் கணக்கில் எவ்வளவு இருக்கிறது?” என்று கேட்டால் சொல்ல மாட்டார்கள். எங்கள் ஆட்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைக்காதீர்கள்; போப்பியா, அதாவது தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், கையைக் கட்டிப்போட்டிருக்கிறது. வழி இரண்டு. ஒன்று, பாய்யா என்கிற 2000ஆம் ஆண்டு தகவல் பெறும் சட்டத்தின் கீழ் படிவம் நிரப்பி, எந்த உரிமையை நிலைநாட்ட அந்தத் தகவல் வேண்டும் என்று எழுதிக் கேட்பது. 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். இரண்டு, வழக்குப் போட்டபின் வக்கீல் மூலம் சப்பீனா, அதாவது ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லும் கோர்ட் அழைப்பாணை. சப்பீனா வந்தால் ஃபண்ட் தயங்காது. கேட்கும்போது, “2019இல் விவாகரத்து ஆன தேதியில் அவர் ராஜினாமா செய்திருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும்?” என்று குறிப்பாகக் கேளுங்கள். இன்றைய மதிப்பைக் கேட்டு வாங்கி வந்து ஏமாறுகிறவர்கள் நிறைய.

ஏனென்றால் உங்களுக்குச் சேருவது விவாகரத்து நாளன்று இருந்த மதிப்பில் பங்குதான். ஒரு பேச்சுக்கு, அன்று மாநகராட்சி ஃபண்டில் 9,00,000 ரேண்ட், இன்று அது 16,00,000 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பாதி 4,50,000தான், 8,00,000 இல்லை. இடையில் வளர்ந்தது அவருக்குப் போகிறது. அநியாயமாகத் தெரியும், ஆனால் சட்டம் அப்படி. அதனால்தான் தாமதம் உங்களுக்கு மட்டும் செலவு, அவருக்கு லாபம். அவர் “பாத்துக்கலாம், பேசிக்கலாம்” என்று இழுத்தடித்தால் அதன் காரணம் புரிகிறதல்லவா? ஒரு ஆறுதல்: கூட்டுச் சொத்துத் திருமணத்தில் கல்யாணத்துக்கு முன் அவர் கட்டிய காலத்துக்கும் சேர்த்தே கணக்கு வரும். 1994க்கு முந்தின தொழிற்சாலைப் பணம் என்று கழிக்க முடியாது.

ஆர்.ஏ. எதுவும் கிடைத்தால் அதற்குக் கணக்கு வேறு. உங்கள் விவாகரத்துக் காலச் சட்டப்படி, கட்டிய தொகை மொத்தமும், அதன்மேல் அரசு நிர்ணயித்த விகிதத்தில் தனிவட்டியும்தான். பங்குச் சந்தையில் அது எவ்வளவு வளர்ந்திருந்தாலும் அந்த வளர்ச்சி பென்ஷன் இன்ட்ரஸ்டில் சேராது.

சரி, நடைமுறைக்கு வருவோம். ஃபண்ட் பணம் கொடுக்க வேண்டுமென்றால் 2016 தீர்ப்பை மட்டும் காட்டினால் போதாது. எங்களுக்கு ஒரு கோர்ட் ஆணை வேண்டும், அதுவும் சரியான வார்த்தைகளில். விவாகரத்து கொடுத்த அதே நீதிமன்றத்துக்குத் திரும்பிப் போய், ஆணையைத் தெளிவுபடுத்தவோ திருத்தவோ மனுச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கூட்டுச் சொத்தைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பாளராக ஒரு ரிசீவரை நியமிக்கக் கேட்கலாம். சொத்து நிறைய சிக்கியிருந்தால் ரிசீவர் நல்லது, ஆனால் அவருக்கும் கட்டணம் உண்டு.

நான் திருப்பி அனுப்பும் ஆணைகளில் பாதிக்கு மேல் ஒரே மாதிரித் தவறு. “பிரதிவாதியின் பென்ஷனில் பாதி வாதிக்கு” என்று மட்டும் எழுதியிருப்பார்கள். எந்த ஃபண்ட்? தெரியாது. அல்லது ஃபண்ட் பெயருக்குப் பதில் நிர்வாகக் கம்பெனியின் பெயர் இருக்கும். அந்தக் கம்பெனி நூறு ஃபண்டுகளை நடத்தும், அதற்கு ஆணையிட்டால் எதிலிருந்து எடுப்பது? இன்னும் சில ஆணைகளில், “ஓய்வு பெறும்போது கிடைக்கும் தொகையில் பாதி” என்று இருக்கும். அது பென்ஷன் இன்ட்ரஸ்ட் ஆகாது. ஆணை சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: இன்ன பெயருள்ள ஃபண்டில், விவாகரத்துத் தேதியில், இன்னாருக்கு இருந்த பென்ஷன் இன்ட்ரஸ்டில் 50 சதவீதம் இன்னாருக்கு உரியது, அதை ஃபண்ட் நேராக அவருக்குக் கொடுக்க வேண்டும், ஃபண்ட் தன் பதிவேட்டில் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு ஃபண்டுக்கும் தனித்தனி வாக்கியம். உங்களுக்கு இரண்டு ஃபண்ட், ஆகவே இரண்டு வாக்கியம். மனுவைத் தாக்கல் செய்வதற்கு முன் வரைவை ஃபண்டுக்கு அனுப்பி, “இதை ஏற்றுக்கொள்வீர்களா?” என்று உங்கள் வக்கீல் கேட்டால் நாங்கள் சந்தோஷமாகப் பார்த்துச் சொல்வோம். ஏனோ பத்தில் ஒரு வக்கீல்கூடக் கேட்பதில்லை.

மாநகராட்சி ஊழியர்களுக்கு ஒரே ஃபண்ட் என்று நினைக்காதீர்கள். பல உண்டு, சிலர் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருப்பார்கள். பேஸ்லிப்பில் பிடித்தத்துக்கு எதிரே இருக்கும் பெயரைப் பாருங்கள், அதுவும் 2019ஆம் ஆண்டுப் பேஸ்லிப்பில்.

ஆணை எங்களிடம் வந்தால் 45 நாளுக்குள் உங்களைக் கேட்போம்: ரொக்கமா, வேறொரு ஃபண்டுக்கு மாற்றமா? பதில் சொல்ல உங்களுக்கு 120 நாள். நீங்கள் சொன்ன நாளிலிருந்து 60 நாளுக்குள் நாங்கள் அனுப்ப வேண்டும். 2007 செப்டம்பர் 13க்கு முன்பெல்லாம் அவர் வேலையை விடும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தத் தேதியிலிருந்துதான் உடனே கொடுக்கும் முறை வந்தது. அரசு ஊழியர் ஃபண்டான ஜி.இ.பி.எஃப்.பில் அது 2011இல்தான் வந்தது.

ரொக்கமாக வாங்கினால் வரி உங்கள் தலையில். 2023 மார்ச் முதல் நடப்பில் வந்த அட்டவணைப்படி முதல் 27,500 ரேண்டுக்கு வரி இல்லை, அதற்கு மேல் 7,26,000 வரை 18 சதவீதம். 4,00,000 ரேண்ட் ரொக்கமாக எடுத்தால் 67,050 ரேண்ட் வரி போகும், அதுவும் நீங்கள் முன்பு எங்கும் இப்படி எடுக்காதவராக இருந்தால். வேறொரு ஃபண்டுக்கு மாற்றினால் அப்போது வரி இல்லை. கடன் கழுத்தை நெரிக்கிறது என்றால் ஒழிய நான் மாற்றத்தைத்தான் சொல்வேன். பணம் வந்திருக்கிறது என்று தெரிந்தால் தம்பி கடைக்கு, மச்சான் வண்டிக்கு என்று வரிசையில் நிற்பார்கள்; ஃபண்டுக்குள் இருந்தால், “எடுக்க முடியாது” என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்.

காலக்கெடு. 1969ஆம் ஆண்டு காலாவதிச் சட்டத்தில் சாதாரணக் கடன் கோரிக்கைக்கு 3 வருஷம். ஆனால் கடன்பட்டவர் வேண்டுமென்றே மறைத்திருந்தால், உங்களுக்குத் தெரியவந்த நாள்வரை கடிகாரம் ஓடாது என்று அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. நியாயமான கவனத்தோடு இருந்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும் என்று அவர் தரப்பு வாதிடலாம். பிரிசர்வேஷன் பணத்துக்கு உங்கள் கடிகாரம் போன மாதம் ஓட ஆரம்பித்தது என்றே வைத்துக்கொண்டு செயல்படுங்கள். உறையை முத்திரைத் தேதியோடு வைத்திருங்கள். மாநகராட்சி பென்ஷனில் மறைப்பு வாதம் கிடையாது; அங்கே உங்கள் பலம், கூட்டுச் சொத்து என்பதும் அதைப் பிரிக்கச் சொல்லும் ஆணை என்பதும்தான். அது 3 வருஷக் கோரிக்கையா இல்லையா என்று இரு பக்கமும் வாதாடத்தான் செய்வார்கள். வக்கீலிடம் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி இது.

இதற்கிடையே பணம் கைமாறிவிடக் கூடாது. 2024 செப்டம்பர் 1 முதல், ஓய்வூதியப் பணத்தைச் சேமிப்புப் பகுதி, ஓய்வுப் பகுதி என்று பிரிக்கும் இரண்டு பானைத் திட்டம் என்று வந்ததே, அதில் சேமிப்புப் பகுதியிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை குறைந்தது 2,000 ரேண்ட் எடுக்கலாம். விவாகரத்து வழக்கு நடக்கும்போது அதற்கான சான்றோடு ஃபண்டுக்கு எழுத்தில் தெரிவித்தால், மற்றவர் சம்மதம் இல்லாமல் எடுக்க விடமாட்டார்கள். இப்போது வழக்கில் இருக்கும் மற்ற அக்கா, தங்கைமாருக்கு இது ரொம்ப உபயோகம். உங்கள் விவாகரத்து முடிந்துவிட்டதால் அந்தப் பாதுகாப்பை அப்படியே நம்ப முடியாது. அவர் ஓய்வு பெறும் வயதை நெருங்கினால், மனுவோடு சேர்த்து ஃபண்ட் பணத்தைப் பட்டுவாடா செய்யாமல் தடுக்க இடைக்கால உத்தரவும் கேட்கச் சொல்லுங்கள். அறிவிப்பு இல்லாத நிலையில் ஃபண்ட் முழுப்பணத்தையும் அவருக்குக் கொடுத்துவிட்டால், அப்புறம் ஃபண்டைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆணை சரியாக இருந்தும் ஃபண்ட் இழுத்தடித்தால், ஃபண்டுகள் மேலான புகார்களை விசாரிக்கும் பென்ஷன் ஃபண்ட்ஸ் அட்ஜுடிகேட்டரிடம் புகார் செய்யலாம், கட்டணமில்லை, 3 வருஷத்துக்குள். ஆனால் அது ஃபண்ட் மேலான புகாருக்குத்தான். “என் கணவர் மறைத்தார்” என்று அங்கே எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். டீச்சர், நர்ஸ், போலீஸ் வேலையில் இருப்பவர்களின் ஜி.இ.பி.எஃப். இந்த அலுவலகத்தின் கீழ் வராது, அதற்குப் புகார் விசாரிக்கத் தனி ஆம்பட் இருக்கிறார்.

உங்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வீடு முழுவதும் உங்களுக்கு வந்திருக்கிறது. “வீட்டை விட்டுக்கொடுத்தேன், பென்ஷனை வைத்துக்கொண்டேன், அதுதான் பேச்சு” என்று அவர் சொல்லலாம். பெரியவர்களை வைத்து வீட்டில் பேசித் தீர்த்த விவகாரமாக இருந்தால், அப்படி ஒரு பேச்சு நடந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். மாநகராட்சி பென்ஷனில் இந்த வாதம் கொஞ்சம் உறைக்கும்; இருப்பதே தெரியாத பிரிசர்வேஷன் பணத்தை விட்டுக்கொடுத்தேன் என்று யாரும் உங்கள்மேல் சாட்ட முடியாது. அதோடு, நீங்களும் வேலை பார்த்தவராக இருந்தால் உங்கள் பிராவிடண்ட் ஃபண்டும் அதே கூட்டுச் சொத்துதான். அவர் அதில் பாதி கேட்பார். இரண்டு பக்கத்தையும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சில வரி. ஏ.என்.சி. எழுதி அக்ரூவல் முறையில் கல்யாணம் செய்தவர்களுக்கு, கல்யாணக் காலத்தில் இருவர் சொத்தும் எவ்வளவு வளர்ந்தது என்ற கணக்கில் பென்ஷன் இன்ட்ரஸ்டும் சேரும். 1984 நவம்பர் 1க்குப் பிறகு அக்ரூவலும் வேண்டாம் என்று எழுதியவர்களுக்குப் பென்ஷனில் நேரடிப் பங்கு இல்லை. ஆனால் அவர்களும் சொத்து மறுபங்கீடு கேட்க வழி 2023 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றத் தீர்ப்பால் திறந்தது. கோயிலில் தாலி கட்டியதோடு நின்று, பதிவு செய்யாதவர்கள் நிலைமைதான் கஷ்டம். கல்யாணம் நடத்தியவர் மேரேஜ் ஆஃபீசராக இருந்து ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்கினாரா என்று முதலில் விசாரியுங்கள். பழைய ஆட்கள் பலருக்கு, தாங்கள் பதிவு செய்ததே நினைவில் இருக்காது. கல்யாணப் பதிவுகளை வைத்திருக்கும் ஹோம் அஃபேர்ஸ் அலுவலகத்தில் கேட்டால் தெரிந்துவிடும்.

மகன் கடிதத்தைப் பிரித்ததற்காகப் பயப்படுகிறீர்கள். ஒரு நகல் எடுத்துக்கொண்டு, உறையின் படத்தையும் எடுத்துவிட்டு, கடிதத்தை அவருக்கே அனுப்பிவிடுங்கள். உங்கள் கேஸ் அந்த ஒற்றைத் தாளில் தொங்க வேண்டாம். ஃபண்ட் பெயர் தெரிந்துவிட்டது, மீதியைச் சப்பீனா முறைப்படி கொண்டுவரும். அவரோடு ஃபோனில் இதைப் பற்றி இனிப் பேச வேண்டாம், மகனைத் தூது விடவும் வேண்டாம்.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் அரசின் சட்ட உதவி அமைப்பான லீகல் எய்டில் வருமானத்தைப் பார்த்து எடுத்துக்கொள்வார்கள். குவாசூலு நட்டால் பல்கலைக்கழகத்தின் சட்ட உதவி மையமும் இருக்கிறது. போகும்போது விவாகரத்து ஆணையின் முத்திரை போட்ட நகல், செட்டில்மென்ட் தாள், கல்யாணச் சான்றிதழ், அந்த ஸ்டேட்மென்ட் நகல், கிடைத்த ஐ.ஆர்.பி.5, 2019 பேஸ்லிப் இருந்தால் அது, எல்லாம் கொண்டுபோங்கள். ஆணை தொலைந்துவிட்டது என்றால் கேஸ் நம்பரைச் சொல்லி டர்பன் கோர்ட் அலுவலகத்தில் நகல் கேட்கலாம். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி பாதிவரை வக்கீல் ஆஃபீஸ்களில் ஆள் கிடைப்பது கஷ்டம், அதற்கு முன் ஒரு அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிடுங்கள்.